நான்கு ஓரங்களும் ஒரு கட்டைவிரலும்

சட்டைப்பையில் ஒன்று, பேண்ட் பாக்கெட்டில் ஒன்று என்று இரண்டு போன்களோடு அலைகிறேன். சொந்தப் போன் ஆண்ட்ராய்டு. வேலைக்காகக் கொடுத்தது ஐபோன். இரண்டு வருடமாகிறது. எது எந்தப் போன் என்று மூளைக்கு நன்றாகத் தெரியும், கட்டைவிரலுக்குத்தான் தெரிவதில்லை. ஐபோனில் எதையாவது படித்து முடித்ததும் விரல் தானாக வலது ஓரத்துக்குப் போய் உள்பக்கமாகத் தள்ளும். ஒன்றும் நடக்காது. மறுபடி தள்ளும், இந்த முறை கொஞ்சம் கோபத்தோடு. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைக்கும், இது அந்தப் போன் இல்லை என்று.

இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பார்வைக்கு உண்மைதான். ஐகான்கள், கேமரா, மேலிருந்து இறங்கும் அறிவிப்புத் திரை எல்லாமே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய விடைத்தாள்கள் மாதிரிதான் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் கேட்டால் வேறு பதில் வரும். குறிப்பாக ஒரு விஷயத்தில்: "பின்னால் போ" என்று எப்படிச் சொல்வது?

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய முதல் ஐபோனில் முன்பக்கம் ஒரே ஒரு பட்டன்தான். அது ஹோம். பின்னால் போவதற்கென்று பட்டன் கிடையாது. ஒவ்வொரு செயலியும் தன் திரையின் இடது மேல் மூலையில் ஒரு அம்புக்குறியை வைத்துக்கொள்ள வேண்டும். திரை 3.5 அங்குலம், கட்டைவிரல் எல்லா மூலைக்கும் எட்டியது. அதனால் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் எச்டிசி தயாரித்த ஜி1. அதில் பட்டன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஹோம், மெனு, பேக், போதாததற்கு உருட்ட ஒரு குட்டி உருண்டை. அழகுப் போட்டியில் தோற்றிருக்கும். ஆனால் அந்த பேக் பட்டன் எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை, போனுக்குச் சொந்தம். எங்கே இருந்தாலும் அமுக்கினால் ஒரு படி பின்னால்.

இந்த ஒரு பட்டன் இருந்ததும் இல்லாததும்தான் இன்றுவரை என் விரலைக் குழப்புகிறது.

ஐபோனில் அடுத்த திரை வலதுபக்கத்திலிருந்து வந்து பழைய திரையை மூடும். ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை வைப்பதுபோல. அப்படியானால் மேல் தாளை வலப்பக்கமாகத் தள்ளினால் அடித்தாள் தெரிய வேண்டும் அல்லவா? 2013-இல் வந்த ஐபோன் இயங்குதளப் பதிப்பான ஐஓஎஸ் 7 அதைத்தான் செய்தது: இடது ஓரத்தில் விரல் வைத்து வலப்பக்கம் இழுத்தால் முந்தைய திரை. விரலோடு ஒட்டியே தாள் நகரும். பாதியில் மனம் மாறினால் அப்படியே விட்டுவிடலாம், பழைய இடத்துக்கே போய் ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து எழும்பி வரும் திரை என்றால் கீழே இழுத்து மூட வேண்டும். பெரிதாக விரிந்த புகைப்படமும் அப்படித்தான். ஆக, எந்தத் திரை எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்ப வேண்டும். வழி நினைவிருந்தால் பிரச்சினை இல்லை. எனக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் சாவியை எங்கே வைத்தேன் என்பதே நினைவிருப்பதில்லை.

ஆண்ட்ராய்டில் இந்தத் திசைக் கணக்கு கிடையாது. இன்று இடது ஓரத்திலிருந்து தள்ளினாலும் பேக், வலது ஓரத்திலிருந்து தள்ளினாலும் பேக். திரை எங்கிருந்து வந்தது என்று விரல் யோசிக்க வேண்டியதில்லை. இடக்கைக்காரர்களுக்கும் பாரபட்சமில்லை. ஆனால் அங்கே வேறொரு சிக்கல். "பின்னால்" என்றால் எதன் பின்னால்? வந்த வழிக்கா, அந்தச் செயலியின் முதல் பக்கத்துக்கா? அறிவிப்பைத் தட்டி ஒரு மின்னஞ்சலுக்குள் நுழைகிறேன். பேக் என்றால் மின்னஞ்சல் பட்டியல் வருமா, சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்த வரைபடம் வருமா? ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும். ஆண்ட்ராய்டு 13 காலத்தில் கூகுள் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று உண்டு: ஓரத்திலிருந்து இழுக்கும்போதே, கையை எடுத்தால் எங்கே போய் விழுவோம் என்பதைத் திரை லேசாகச் சுருங்கி எட்டிப் பார்க்கவைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணாடி வைத்துக் காட்ட வேண்டி வந்ததே, அதிலேயே பழைய கதவைப் பற்றிய ஒப்புதல் இருக்கிறது.

இதில் யார் பக்கம் நான்? எங்கிருந்து தள்ளினாலும் பேக் என்பது சோம்பேறிக்கு உகந்தது, நான் சோம்பேறி. ஆனால் விரலோடு ஒட்டி நகரும் அந்தத் தாளின் சுகம் ஐபோனில் நெடுநாளாக நன்றாக அமைந்திருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

தொடுதிரையில் உண்மையான பற்றாக்குறை எது என்று கேட்டால் ஓரம் என்பேன். திரையின் நடுப்பகுதி செயலிக்குச் சொந்தம். அங்கே விரல் வைத்தால் பட்டியல் நகரும், வரைபடம் நகரும், படம் பெரிதாகும். போன் தனக்கென்று ஏதாவது கேட்க வேண்டுமானால், செயலி கைவைக்காத இடமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் ஓரம் மட்டும்தான். நான்கே நான்கு. மேல் ஓரத்தை அறிவிப்புகளுக்காக ஆண்ட்ராய்டு முதல் நாளே பட்டா போட்டுக்கொண்டது. ஐபோன் 2011-இல் ஐஓஎஸ் 5 மூலம் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கீழ் ஓரத்தை ஐஓஎஸ் 7 எடுத்து, வைஃபை, வெளிச்சம், டார்ச் எல்லாம் அடங்கிய பலகையை அங்கே வைத்தது. அதே பதிப்பில்தான் இடது ஓரம் பேக்குக்குப் போனது.

2017-இல் ஐபோன் எக்ஸ் வந்தபோது ஹோம் பட்டன் காணாமல் போனது. வீட்டுக்குப் போகக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும். சரி, கீழ் ஓரத்தில் ஏற்கெனவே குடியிருந்த டார்ச் பலகை? அதை வலது மேல் மூலைக்குத் துரத்திவிட்டார்கள். நீண்ட போனை ஒரு கையில் பிடித்திருப்பவரின் கட்டைவிரல் எளிதில் எட்டாத தொலைவு அது. ஒரு குடும்பத்தைக் குடியமர்த்த இன்னொரு குடும்பத்தை மொட்டைமாடிக்கு அனுப்பிய கதை. 2014-இல் போன்கள் பெரிதானபோதே ஹோம் பட்டனை இரண்டு முறை மெல்லத் தொட்டால் திரை முழுவதும் பாதிக்கு இறங்கிவரும் ஏற்பாட்டை ஆப்பிள் வைத்தது. விரல் மேலே போக முடியாவிட்டால் மேல் கீழே வரட்டும் என்ற கணக்கு. எனக்குத் தெரிந்த யாரும் அதைத் தெரிந்தே பயன்படுத்திப் பார்த்ததில்லை. தற்செயலாக வரவழைத்துவிட்டு "என்ன ஆச்சு இதுக்கு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். 2018-இல் சாம்சங் தன் போன்களுக்கான ஒன் யூஐ என்ற திரை வடிவமைப்பில் எடுத்த வழி எனக்குப் பிடித்தது: செட்டிங்ஸ் போன்ற திரைகளில் மேல்பாதியைப் பெரிய தலைப்புக்கு விட்டுவிட்டு, தட்ட வேண்டியவற்றைக் கீழ்ப்பாதிக்கு இறக்கியது. பார்ப்பது மேலே, தொடுவது கீழே. எளிய யோசனை, ஆனால் அத்தனை பெரிய வெற்றுத் தலைப்பைத் திரையில் விட ஒரு துணிச்சல் வேண்டும்.

பட்டனுக்குப் பதில் சைகை என்ற வாழ்க்கையை ஐபோன் எக்ஸ் கண்டுபிடித்ததாக இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009-இல் பாம் நிறுவனத்தின் பிரீ போனில் வெப்ஓஎஸ் என்ற இயங்குதளம் இருந்தது. திறந்திருக்கும் செயலிகள் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக நிற்கும். வேண்டாத சீட்டை விரலால் மேலே சுண்டினால் மூடிக்கொள்ளும். இன்று எல்லாப் போன்களிலும் நாம் செய்யும் அதே சுண்டல். பேக் சைகைக்கு அவர்கள் திரையின் ஓரத்தைத் தொடவே இல்லை. திரைக்குக் கீழே, கறுப்பு விளிம்பில், தொடு உணர்வுள்ள ஒரு தனிப் பட்டையை ஒதுக்கினார்கள். அதில் வலமிருந்து இடமாகத் தடவினால் பின்னால். செயலிக்கும் போனுக்கும் எல்லைத் தகராறே வராத ஏற்பாடு. பிற்பாடு போன்களின் விளிம்பெல்லாம் தேய்ந்து திரையே முழு முகமாக ஆனபோது அந்தத் தனிப் பட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. வெப்ஓஎஸ் வடிவமைப்பை நடத்திய மத்தியாஸ் துவார்த்தே 2010-இல் கூகுளுக்குப் போய் ஆண்ட்ராய்டில் வேலை செய்தார். சீட்டுகள் பின்னால் ஆண்ட்ராய்டுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது நோக்கியா என்9. 2011 ஜூனில் அறிமுகம். முன்பக்கத்தில் ஒரு பட்டன்கூட இல்லை. ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் செயலி விலகி வீடு தெரியும். இடது, வலது என்று பேதமில்லை. கண்ணாடி விளிம்பில் லேசாக வளைந்திருக்கும். விரல் வெளியிலிருந்து வழுக்கி உள்ளே வரும்போது எங்கே ஓரம் தொடங்குகிறது என்று தோலுக்கே தெரிந்துவிடும். அணைந்த திரையை இருமுறை தட்டினால் விழித்துக்கொள்ளும். நண்பன் ஒருவன் வைத்திருந்தான். அவனிடமிருந்து வாங்கி, எந்தக் காரணமும் இல்லாமல் செயலிகளைத் திறந்து திறந்து தள்ளிவிட்டுக்கொண்டிருப்பேன். சோகம் என்னவென்றால், அது அறிமுகமாவதற்கு நான்கு மாதம் முன்பே, 2011 பிப்ரவரியில், நோக்கியா தன் எதிர்காலம் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்துவிட்டது. பிறக்கும் முன்பே பெற்றவர் கைவிட்ட குழந்தை. பிளாக்பெர்ரி 10 கூட 2013-இல் கீழிருந்து மேலே தள்ளி வெளியேறும் முறையைக் கொண்டுவந்தது. தள்ளியபடியே விரலை வலப்பக்கம் வளைத்தால், செய்திகள் எல்லாம் இருக்கும் பெட்டியை எட்டிப் பார்க்கலாம். விரலை எடுக்காமல் திரும்பினால் பழைய இடம். கெட்டிக்காரத்தனமான சைகை. அதை வாங்க ஆள் இல்லை.

இந்த விரல் அசைவுகளுக்காக நீதிமன்றப் படியேறியதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பட்டியலின் கடைசியை எட்டியதும் ரப்பர்போலக் கொஞ்சம் இழுபட்டுத் துள்ளித் திரும்புமே, அதை ஆப்பிளில் வடிவமைத்தவர் பாஸ் ஓர்டிங். சாம்சங்குக்கு எதிரான வழக்கில் அந்தத் துள்ளலின் காப்புரிமையும் இருந்தது. 2012 ஆகஸ்டில் அமெரிக்க ஜூரி ஆப்பிளுக்குச் சுமார் 105 கோடி டாலர் தரச் சொன்னது. அப்புறம் தொகை பலமுறை மாறி, 2018-இல்தான் இருவரும் சமாதானமானார்கள். ஆண்ட்ராய்டில் பட்டியல் முடிந்ததும் துள்ளல் வராது, விளிம்பில் ஒரு ஒளி மின்னும். பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2021-இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோதுதான் திரையே ரப்பராக நீள ஆரம்பித்தது. தள்ளித் திறக்கும் பூட்டுக்கும் இதே கதை. நியோநோட் என்ற சிறு நிறுவனத்தின் போனில் ஐபோனுக்கு முன்பே விரலால் தள்ளித் திறக்கும் முறை இருந்தது. ஜெர்மனியில் அந்தத் தள்ளலுக்கான ஆப்பிளின் காப்புரிமை செல்லாது என்று 2013-இல் காப்புரிமை நீதிமன்றம் சொல்ல, 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அடுத்த ஆண்டே ஐஓஎஸ் 10-இல் ஆப்பிள் அந்தத் தள்ளலை எடுத்துவிட்டு ஹோம் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டது.

இப்போது அம்மா கதைக்கு வருகிறேன்.

அம்மாவின் போனில் கீழே மூன்று பட்டன்கள். முக்கோணம், வட்டம், சதுரம். 2014-இல் ஆண்ட்ராய்டு 5 வந்தபோது, வளைந்த அம்பு, வீடு, அடுக்கு என்று அர்த்தத்தோடு இருந்த குறிகளை எடுத்துவிட்டு இந்த வடிவியல் பாடத்தை வைத்தார்கள். அப்போது நான் திட்டினேன். அம்மாவுக்கு அதுதான் வசதியாகிப் போனது, ஏனென்றால் பெயர் சொல்ல முடிகிறது. சித்திக்குப் போனிலேயே பாடம் எடுப்பாள்.

"கீழ பாருடி, எடது பக்கம் முக்கோணம் இருக்கா? அத அமுக்கு."

"அக்கா, எனக்கு அது வலது பக்கம்ல இருக்கு."

"எங்க இருந்தா என்ன, முக்கோணம்தான? அமுக்கு."

தயாரிப்பாளர்களில் சிலர் பேக்கை வலது பக்கம் வைத்தார்கள், சிலர் இடது பக்கம். வடிவம் ஒன்றாக இருந்ததால் அந்தக் குளறுபடியும் அம்மாவின் பாடத்தைக் கெடுக்கவில்லை. போன வருடம் நான் ஆர்வக்கோளாறில் அவள் போனில் சைகை முறையைப் போட்டுக் கொடுத்தேன். திரை பெரிதாகத் தெரியும், நல்லதும்மா என்றேன். மறுநாள் காலை: "ஏண்டா, என் முக்கோணம் எங்க?" ஓரத்திலிருந்து தள்ளிக் காட்டினேன். அவளும் தள்ளினாள். ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை உள்ளே வைத்துத் தள்ளியதால் படம் நகர்ந்ததே தவிரத் திரை திரும்பவில்லை. இன்னும் ஓரமாக என்றேன். போன் உறையின் விளிம்பு விரலைத் தடுத்தது. "சரி, இத நான் ஒன் சித்திக்கு எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்டாள் பாருங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டனை வாயால் சொல்லிக் கொடுத்துவிடலாம். சைகையைக் கூட இருந்து காட்டினால்தான் உண்டு. பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர்களான டான் நார்மனும் ஜேக்கப் நீல்சனும் 2010-இலேயே, கண்ணுக்குத் தெரியாத சைகைகளை மனிதன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று ஒரு கட்டுரை எழுதிச் சண்டைக்கு நின்றவர்கள். அம்மா அந்தக் கட்டுரையை இரண்டு வரியில் முடித்துவிட்டாள். முக்கோணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டில் அந்த மூன்று பட்டன் முறை இன்னும் செட்டிங்ஸில் உயிரோடு இருப்பதற்கு என் நன்றி.

பார்வையற்றவர்கள் தொடுதிரையைப் பயன்படுத்தும் முறையைக் கொஞ்சநாள் கற்றுப் பார்த்தேன். ஐபோனில் வாய்ஸ்ஓவர், 2009-இல் 3ஜிஎஸ் போனோடு வந்தது. அதைப் போட்டுவிட்டால் விரல் தொட்ட இடத்தில் இருப்பதைப் போன் வாசிக்கும். திறக்க இருமுறை தட்ட வேண்டும். வலப்பக்கம் சுண்டினால் அடுத்தது. ஓரமே முக்கியமில்லை, திரையில் எங்கே சுண்டினாலும் சரி. அதில் ஒரு சைகை இருக்கிறது: இரண்டு விரல்களை வைத்து இசட் எழுத்துப்போலத் தேய்த்தால் பின்னால் போகும். பக்கவாட்டில் வந்த திரையா, கீழிருந்து எழுந்த பலகையா என்று யோசிக்க வேண்டியதில்லை. நான் ஐபோனில் இல்லை இல்லை என்று புலம்பிய பொதுவான பேக், வாய்ஸ்ஓவர் பயனர்களிடம் பல ஆண்டுகளாகவே இருந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்யும் டாக்பேக்கில் கீழே இழுத்து அப்படியே இடப்பக்கம் திருப்பினால் பேக். கோணமாக மடங்கும் கோடுகள். இரண்டையும் பழகும்போது கையெழுத்துப் பயிற்சி நோட்டு நினைவுக்கு வந்தது.

ஓரத் தகராறு உச்சத்துக்குப் போனது 2019-இல், ஆண்ட்ராய்டு 10-இல். அதற்கு முன் ஷாவ்மி, ஹுவாவே என்று ஆளாளுக்கு ஒரு சைகை வைத்திருந்தார்கள். கூகுள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி இரண்டு பக்க ஓரங்களையும் பேக்குக்கு எழுதி வைத்தது. பிரச்சினை என்னவென்றால், இடது ஓரத்திலிருந்து இழுத்தால் மெனு வரும் என்று பல ஆண்டுகளாகச் செயலிகாரர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே கூகுள்தான். மூன்று கோடு போட்ட ஐகானுக்குப் பின்னால் ஒளிந்திருக்குமே, அந்த மெனு. ஓரத்தில் விரலை ஒரு கணம் வைத்திருந்து, மெனு எட்டிப் பார்த்ததும் இழுங்கள் என்று சோதனைப் பதிப்பில் ஒரு சமரசம் சொன்னார்கள். செயலிகளுக்கும் ஒரு சலுகை: ஓரத்தின் ஒரு பகுதியைத் தமக்கென்று கேட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு உயரம் 200 டிபி மட்டும். 160 டிபி ஓர் அங்குலம் என்பது கணக்கு. ஆக ஒன்றேகால் அங்குலம். வரப்புத் தகராறில் அளந்து கல் நட்டதுபோல. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-இல் பல செயலிகளில் நடுத்திரையில் விரல் வைத்து வலப்பக்கம் தள்ளியே பின்னால் போகலாம் என்று ஆகியிருக்கிறது. ஓரம் போதவில்லை என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். என் வலது ஓரம் அங்கே இன்னும் செத்துத்தான் கிடக்கிறது.

அம்மாவுக்கு முக்கோணத்தைத் திருப்பிக் கொடுத்த வாரம், நானும் என் ஆண்ட்ராய்டில் மூன்று பட்டன்களைப் போட்டுக்கொண்டேன். சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க. முதல் இரண்டு நாள் விரல் ஓரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தது. இந்தப் போனிலும் ஒன்றும் நடக்காததால் இப்போது இரண்டு போன்களுமே ஊமை. மூன்றாம் நாள், தினமும் பயன்படுத்தும் குறிப்பெழுதும் செயலியில் பழக்கதோஷத்தில் இடது ஓரத்திலிருந்து தள்ளினேன். சரசரவென்று ஒரு மெனு வந்து நின்றது. அதில் காப்பகம் என்று ஒரு வரி. தட்டினால், தொலைந்துபோனதாக நினைத்து நான் மறுபடி மறுபடி எழுதிய குறிப்புகள் பதினேழு, தேதி வாரியாக.